துக்கம் விசாரிக்க வந்தவர்

மாட்டுத் தரகர் சடையப்பன் செத்த வீட்டுக்குப் போட்டிக் கல்லூரியின் கபடி கோச் ஆளுயர மாலையோடு வந்தார். பிணத்தின் மேல் அதைப் போட்டவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த மகன், காலேஜ் டீமில் கபடி ஆடும் வெள்ளியங்கிரியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். துக்கத்துக்குப் பிடித்த கை மணிக்கட்டைத் திருகியது, தோளைத் தடவியது, தொடைக்கு இறங்கி அமுக்கிப் பார்த்தது.

“அப்பா போனா என்ன கண்ணு, நானிருக்கறேன். உங்க டீமு கெடக்குது, வர்ற வருசம் நம்ம காலேஜுக்கு வந்துரு.”

அப்பாவோடு சந்தை சந்தையாக அலைந்தவன் வெள்ளியங்கிரி. வாங்க வருகிறவன் அடுத்து எங்கே கை வைப்பான் என்று தெரியாதா?

“பல்லையும் புடிச்சுப் பாத்துருங்க சார்” என்று வாயை அகலத் திறந்தான்.

கோச் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.