தோற்கிற பக்கம்

ஜானட் மேடையேறினால் கைதட்டல் அடங்காது. அதைக் கேட்கும்போதெல்லாம் பாரிக்கு வயிறு எரியும்.

இந்த முறை திருவொற்றியூரில் நடக்கும் கட்டற்ற மென்பொருள் சங்க மாநாட்டில், விவாதங்களை ஏற்பாடு செய்யும் வேலை அவனுக்கு. தலைப்புகளை உறுப்பினர்கள் கொடுத்துவிட்டார்கள். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். விவாதம் முடிந்ததும் கூட்டம் கை தூக்கும். அதுவே சங்கத்தின் முடிவு.

"ஒரு மென்பொருளை ஒருத்தரே வருசக்கணக்கா பாத்துக்கினு இருக்கலாமா? இதான் தலைப்பு. நீ கூடாதுன்னு பேசு."

ஜானட்டின் முகம் வாடியது. "அண்ணா, நான் இருக்கலாம்னு பேசுறேனே."

ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்துக் கேட்கிறாள் என்று பாரிக்குக் கடுப்பானது. கூடாது என்றால் யார் கை தூக்கப்போகிறார்கள்? ஒரு தடவையாவது தோற்கட்டும்.

"அதெல்லாம் ஆவாது. குடுத்தத பேசு."

மாநாட்டில் ஜானட் பேசி முடித்தபோது கூடமே அதிர்ந்தது. கூடாது என்று ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கீழே இறங்கி வந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன.

"அதான் ஜெயிச்சுட்டியே, இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் பாரி எரிச்சலோடு.

"உன் பக்கம் பேசுறேன்னுதானேண்ணா கேட்டேன். நீதான் வுடல."

மேடையில் சங்கத் தலைவர் பீம்ராவ் மைக்கைப் பிடித்தார். "நம்ம தமிழ் கீபோர்டு மென்பொருளை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பாரிதான் பாத்துக்கினு கீறாரு. இனிமே யாராண்ட குடுக்கலாம்?"

கூட்டம் மொத்தமும் ஜானட் பக்கம் திரும்பியது.