சேலை விலகாத சண்டை

“துணிமணி இல்லாம பொம்பளைக திரியுமாமே, அந்த மாதிரி கேமா?”

கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள் இப்படிக் கேட்டதும் மலைச்சாமிக்குத் தொண்டையில் முறுக்கு அடைத்துக்கொண்டது. பெண் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்பதோடு பேச்சை முடித்துவிடம்மா என்று காலையிலிருந்து மகளிடம் கெஞ்சியிருந்தார். சுகன்யா கேட்டால்தானே? ‘வீடியோ கேம் கம்பெனி’ என்று வாய் நிறையச் சொல்லிவிட்டாள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து இதற்கு முன் வந்தவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டதும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள். இப்போது வந்திருப்பது எரியோட்டுக்காரர்கள். தோட்டம், கிணறு என்று வசதியான குடும்பம். மாப்பிள்ளை முகேஷ்குமார் மதுரையில் இருப்பதால், முதலில் அவருடைய அம்மாவும் சித்தப்பாவும் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தரகர் ஏற்பாடு செய்திருந்தார்.

“அப்படியெல்லாம் இல்ல அத்தை” என்றாள் சுகன்யா. “எங்க கேம்ல அந்த மாதிரி ஒண்ணுகூட வராது.”

“அப்ப நீ என்னதான் வரையிற தாயி?”

“நான் ரத்தம் வரையிறேன்.”

மலைச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ரத்தமா?” சித்தப்பா முத்துச்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“ஆமா மாமா. கழுத்தை அறுத்தா ரத்தம் எப்படிப் பீச்சணும், கை துண்டா விழுந்தா எங்கிட்டுச் சிதறணும், அதெல்லாம் என் பொறுப்பு. வீட்ல இருந்தேதான் வேலை.”

சுந்தரம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

“அப்பாடா! வெட்டுக்குத்துதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்!”

சுகன்யாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. முத்துச்சாமி ஆர்வமாகக் கையை நீட்டவே, செல்போனில் கேமைத் திறந்து கொடுத்தாள். திரையில் ஒரு வீரன் கோட்டைக்குள் பாய்ந்தான். எதிரில் சேலை கட்டிய காவல்காரி ஒருத்தி ஈட்டியோடு வந்தாள். ஒரே வீச்சு. தலை படிக்கட்டில் உருண்டது.

“மதினி, இங்க பாருங்களேன்! தலையே போயும் சேலை விலகல!”

“அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். மாராப்பு அப்படியே நிக்குது. குடும்பப் பொண்ணு கைவேலைன்னு பாத்தாலே தெரியுது.”

“மேனேஜர் சொன்னது அத்தை” என்றாள் சுகன்யா. “எத்தனை தலை வேணாலும் வெட்டுங்க, முந்தானை மட்டும் நகரக் கூடாதுன்னுட்டாரு. பன்னெண்டு வயசுப் பிள்ளைக விளையாடுற கேமாம். ஒரு தடவை தலை விழுந்த வேகத்துல சேலை லேசாப் பறந்துருச்சு. அதுக்கு மீட்டிங் போட்டுத் திட்டுனாங்க.”

“நல்ல மனுசன்” என்றாள் சுந்தரம்மாள்.

இதற்குள் வீரன் உடம்பெல்லாம் ரத்தத்தோடு ஆற்றங்கரைக்கு வந்திருந்தான். சுந்தரம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “குளிக்கப் போறானா? தம்பி, அமத்துங்க அதை! வயசுப் புள்ளை நிக்கிது.”

“பயப்படாதீங்க மதினி, பாக்கலாம்.”

வீரன் இரும்புக் கவசத்தோடும் பூட்ஸோடும் ஆற்றில் இறங்கினான். கவசத்துக்கு மேலேயே சோப்புப் போட்டு, கவசத்துக்கு மேலேயே முதுகு தேய்த்துக் கரையேறினான்.

“எம்புட்டு அடக்கம்!” சுந்தரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்துச்சாமி மறுபடியும் ஒருவனை வெட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “தாயி, தப்பா எடுத்துக்காத. இந்த இடத்துல வெட்டுனா ரத்தம் முன்னாடி கொட்டாது. பக்கவாட்டுல அடிக்கும். செவுரெல்லாம் ஆயிரும்.”

சுகன்யா அசந்துபோனாள். அவள் வேலையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. மனிதர் கறிக்கடை வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விடச் சொல்ல மாட்டீங்களே அத்தை?”

“எதுக்கு விடணும்? மானமான வேலை. நீ பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இரு தாயி.”

மலைச்சாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப தட்டை மாத்திக்கிருவோமா?” என்று எழுந்தார். சமையலறையிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டும் வந்துவிட்டது.

சுகன்யா தயங்கினாள். “அவரையும் ஒரு தடவை பாத்துப் பேசிட்டா நல்லா இருக்கும் அத்தை.”

“தாராளமாப் பேசு. எம் மகன் தங்கம். தெருவுல பொம்பளைப் புள்ளைக வந்தா தலையை நிமித்த மாட்டான். காலண்டர்ல நடிகை படம் இருந்தாக்கூடச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருவான்.”

இப்படி ஒருவரா? சுகன்யாவுக்கு முகம் சிவந்தது. “இன்னிக்கே அவரும் வந்திருக்கலாமே?”

சுந்தரம்மாள் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஜாமீன் இன்னும் கிடைக்கல தாயி, மதுரை ஜெயில்லதான் இருக்கான். ரெண்டு பேரை வெட்டிட்டான். மத்தபடி, அசிங்கமா ஒரு கேஸுகூட அவன் மேல கிடையாது.”