ஆறாவது குழி

ஐந்து குண்டும் தீர்ந்த பிறகும் எம்மெட் தன் ரிவால்வரை உறையில் போடவில்லை. லெலண்டின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

அந்த வயோமிங் மலைவிளிம்பில் அவர்கள் இரண்டு பேரும், ஒரு கம்பத்தில் தொங்கும் இரும்புத் தகடும், காற்றும் தவிர வேறொன்றும் இல்லை. கீழே பனி உருகிப் பெருகிய ஆறு இரைந்துகொண்டிருந்தது. இந்த இரைச்சலில் இன்னொரு வெடிச்சத்தம் யார் காதிலும் விழாது என்று லெலண்டுக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

வம்பை இழுத்தது அவன் வாய்தான். ஊர்த் துப்பாக்கி மன்றத்துக்கு அவன் தலைவன். முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் இடுப்பில் வெள்ளிப்பிடி ரிவால்வர் தொங்கும்; குறி என்பது ரத்தத்திலேயே இருக்க வேண்டும் என்று காபிக்கடையில் பிரசங்கம் நடக்கும். அக்காள் கணவர் எம்மெட்டை இன்று போட்டிக்கு இழுத்து வந்ததும் அவனேதான். முதலில் சுட்ட லெலண்டின் ஐந்து குண்டும் தகட்டில் பட்டன; எம்மெட் சுட்ட ஐந்தில் ஒன்றுதான் பட்டது.

"என்ன மச்சான், தகட்டை விட்டுட்டு மேகத்தைச் சுடறீங்க? மழை வேணுமா?"

"காத்து அடிக்குது மாப்ள."

"எனக்கும் அதே காத்துதானே அடிச்சுது! இந்த நடுக்கத்தை வெச்சுக்கிட்டு இதை எதுக்குத் தினமும் சுமக்கறீங்க? பேசாம என்கிட்ட குடுத்துட்டு, இடுப்புல ஒரு கரண்டியைச் செருகிக்குங்க. அக்காவுக்காவது உதவும்."

எம்மெட் சிரிக்கவில்லை. "இதை மட்டும் கேக்காத" என்றார். இரண்டடி நடந்தவர் அப்படியே நின்றார். "கொஞ்சம் வாயை மூடு, லெலண்ட்."

கல்யாணமான நாளிலிருந்து 'மாப்ள' என்றே கூப்பிட்டு வந்தவர், பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அவர் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. அந்தக் குளிர்காற்றிலும் நெற்றியில் வியர்வை. கோபத்தில் சிவக்கிறவனுக்குப் பயப்படாதே, வெளுக்கிறவனுக்குப் பயப்படு என்று மன்றத்தில் வகுப்பெடுத்தவன் லெலண்ட். அந்த வகுப்பு இப்போது அவனுக்கே நடந்தது.

அக்கா வில்மா போன வாரம் போனில் சொன்னது வேறு ஞாபகத்துக்கு வந்தது. "மூக்குக்கண்ணாடியை மறக்கறாரு, பல்செட்டை மறக்கறாரு, அந்தத் துப்பாக்கியை மட்டும் மறக்கறதே இல்லடா. இப்பல்லாம் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுதான் தூங்கறாரு. நானும் அதுதான் நல்லதுன்னு விட்டுட்டேன்."

அதுதான் நல்லதா? அக்காவும் உடந்தையா?

லெலண்ட் தன்னைத் தேற்றிக்கொண்டான். இருவர் கையிலும் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுடுகிற பழைய ரகம். சுழலும் உருளையில் ஆறு குழி இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். சுத்தியல் உட்காரும் குழியைக் காலியாக விடாதவன், குதிரையிலிருந்து இறங்கும்போது தன் காலையே சுட்டுக்கொள்வான். இந்தப் பக்கத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும். எம்மெட் ஐந்தையும் சுட்டாயிற்று, காலிக் கூடுகளைத் தள்ளிவிட்டாயிற்று. அவை புல்லில் கிடக்கின்றன. ஆகவே அவர் கையில் இருப்பது வெறும் இரும்பு.

க்ளிக்... க்ளிக்.

எம்மெட் சுத்தியலைப் பாதி இழுத்து, பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பிக்கொண்டிருந்தார். இடது கை சட்டையை நெஞ்சோடு கொத்தாகப் பிடித்திருந்தது. ஆறாவது குழி கதவுக்கு நேராக வந்து நின்றது.

அதில் பித்தளை மின்னியது.

லெலண்ட் ஓரடி பின்வாங்கினான். காலியாக இருக்க வேண்டிய குழி! அதை நிரப்பி வைப்பவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை யாருக்கோ எடுத்து வைத்தவனாக இருக்க வேண்டும். எம்மெட் முட்டாள் இல்லை.

"மச்சான், வேண்டாம் மச்சான்... கரண்டின்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"கிட்ட... வா."

"அக்காவை நினைச்சுப் பாருங்க!"

"வாடா... கிட்ட."

கிட்டத்தில் வைத்துச் சுட்டால் நடுங்கும் கையும் தவறாது. லெலண்ட் தன் வெள்ளிப்பிடிக்குத் தோட்டா போட இடுப்புவாரைத் துழாவினான். கண் சிமிட்டும் நேரத்தில் நிரப்புவது எப்படி என்று ஊருக்கே காட்டிய விரல்கள், தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பூட்ஸ்மேல் சிந்தின.

வேறு வழி தெரியவில்லை. பாய்ந்தான், பிடுங்கினான், கண்ணை மூடிக்கொண்டு வீசினான். எம்மெட்டின் ரிவால்வர் வெயிலில் சுழன்று சுழன்று போய் ஆற்றின் நட்டநடுவில் விழுந்தது. குறி கொஞ்சமும் பிசகவில்லை.

எம்மெட் மண்டியிட்டார். தண்ணீரையே பார்த்தார்.

"யாருகிட்ட?" லெலண்டுக்கு மூச்சும் வீராப்பும் சேர்ந்தே திரும்பின. "எனக்குன்னு தனியா ஒரு தோட்டா வெச்சிருந்தீங்களா? இந்த லெலண்டை யாருன்னு நினைச்சீங்க?"

எம்மெட் அவன் கால்சட்டையைப் பற்றியபடி பக்கவாட்டில் சரிந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அது காலிக் கூடுடா... உள்ள இருந்தது என் நெஞ்சுவலி மாத்திரை."