நகராத புள்ளி

"இது உங்க வளையம் செஞ்ச கோளாறுதான். எழுதியே தர்றேன்" என்றாள் மனைவி.

"தா, ஃப்ரேம் போட்டு மாட்டி வைக்கிறேன்" என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்பகத்தை மட்டும் படம் பிடிக்கும் புதிய ஸ்கேனர் அது. மேசையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். மேசைத் துளையின் கீழே, படிகங்கள் பதித்த வளையம் ஒன்று சூழ்ந்திருக்கும். ஊசியில் ஏற்றிய மருந்து உடம்பில் எங்கே கூடுதலாகச் சேர்கிறதோ, அங்கிருந்து வரும் கதிர்கள் பட்டுப் படிகங்கள் மின்னும். படத்தில் புள்ளி விழும். வளையத்தை வடிவமைத்தவர் கணவர். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'வளையக்காரர்' என்றே பெயர். மின்னல்களைப் படமாக்கும் கணக்கு மனைவியுடையது.

மறுநாள் காலையில் மருத்துவமனைக் குழு வருகிறது. இல்லாத புள்ளியைக் காட்டும் கருவி என்று அவர்கள் கருதிவிட்டால், இத்தனை ஆண்டு உழைப்பும் குப்பைக் கூடைக்குத்தான். இன்றைக்கென்று பார்த்து, சோதனைக்கு வந்த ஏழாம் எண் பெண்மணியின் படத்தில், மார்புச் சுவரை ஒட்டிக் கடுகளவு ஒரு புள்ளி!

"பழைய மெஷின்ல இவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே?"

"அதோட உறை அவ்வளவு தடிமன். மார்புச் சுவர் ஓரத்துல அதுக்குப் பார்வையே கிடையாது. என் வளையம் அங்கேயும் எட்டிப் பார்க்கும்."

"ஓரத்துல ஒரு படிகம் கெட்டுப்போயிருந்தா?"

"கெட்டிருந்தா, வளையத்தைத் திருப்பினதும் புள்ளியும் கூடவே திரும்பும். நிஜப் புள்ளின்னா நகராது." சட்டென்று நிமிர்ந்தார். "திருப்பி வச்சே எடுத்துடலாமே! மருந்து இன்னும் உடம்புல இருக்கும். அந்த அம்மா போயிட்டாங்களா?"

"இல்ல, இங்கதான் இருக்காங்க" என்று அவள் மெல்ல எழுந்தாள்.

"காலையிலேருந்து எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பேசறியே, நீ யார் பக்கம்?"

"இந்த ஒரு கேஸ்ல மட்டும் நீங்க தோத்தா தேவலை."

"புருஷன் தோக்கணும்னு வேண்டிக்கிற பொண்டாட்டியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!" என்று சிரித்தார் வளையக்காரர்.

ஸ்கேன் அறைக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை. கால் வட்டம் திருப்பிய வளையத்தில் எடுத்த படம் அவருடைய திரைக்கு வந்து சேர்ந்தது. புள்ளி இம்மியும் நகரவில்லை.

கோட்டுப் பொத்தானைப் போட்டபடி மனைவி திரும்பி வந்தபோது, அவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா? என் வளையம் பொய் சொல்லாது!"

அவள் படத்தையே பார்த்தாள். "சரி, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு சின்னதைக் கண்டுபிடிச்சு என்ன பண்றது?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே? இதுக்குத்தானே வளையமே செஞ்சோம்! கைக்குத் தட்டுப்படறதுக்கு ரொம்ப முன்னாடியே பிடிச்சாச்சு. டாக்டர் சோதிச்சுத்தான் என்னன்னு சொல்லுவார். அப்படியே கெட்டதா இருந்தாலும், இந்த அளவுல பிடிச்சா குணமாக்க வழி இருக்கு. பயப்படவே வேண்டாம்னு அந்த அம்மாகிட்ட தைரியமா சொல்லு."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? ஏழாம் எண் யாருன்னே எனக்குத் தெரியாதே! எங்களை அந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே?"

"அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்றபடி நாற்காலியை அவரருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டின் கையை மெதுவாக மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பில், ஊசி போட்ட இடத்தில், பஞ்சு ஒட்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க, அதே தைரியத்தோட."