வெண்பா கேட்ட கணக்கு

மகள் வெண்பாவுக்கு ஆறு வயதில், கேட்டால் பாடம் சொல்லித்தரும் பாடக்கருவி வாங்கித் தந்தபோது, "பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று கணக்குப் பாடத்துக்கு ஓர் எல்லை வைத்தார் சிவநேசன். பிறகு அதை மறந்தும் போனார்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போன அன்று, தலைமையாசிரியை சேர்க்கைக்காகப் பள்ளிக்கு வந்திருந்த கருவியின் பதிவைக் காட்டினார்.

"அடுத்த கணக்கு வேணும்னு உங்க பொண்ணு நானூறு தடவைக்கு மேல கேட்டிருக்கா சார். ஒவ்வொரு தடவையும் 'இது உனக்கு வேண்டாம்'னு பதில் வந்திருக்கு."

சிவநேசன் அங்கேயே தன் கைபேசியில் அந்த எல்லையை நீக்கினார். வீட்டுக்கு வந்து மகளிடம் உண்மையைச் சொன்னார். அவள் கத்துவாள் என்று நினைத்தார்.

"நீங்க வச்சதாப்பா?" வெண்பாவின் முகம் தெளிந்தது. "நான் மக்குன்னுதான் அது தரலைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

அவள் உடனே கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவநேசனால் அந்தச் சந்தோஷத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.