வெறும் மண்

கனிம உரிம அலுவலகத்தில் அன்றைக்கு அது ஏழாவது விண்ணப்பம். புரட்டிய அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"லித்தியம் எடுக்கிற கம்பெனியில பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க பங்கு இருக்கக் கூடாதும்மா. உன் பங்கு மட்டுமே அறுபது சதவீதம்."

"நிலம் எங்க தாத்தாவோடது சார். நான் பொறந்து வளர்ந்ததே இங்கதான்."

"பாஸ்போர்ட் அப்படிச் சொல்லலையே."

"இதுக்காக அங்க வேலையையே விட்டுட்டு வந்துட்டேன் சார்."

"நான் என்ன பண்ண? சட்டம் அப்படி."

'நிராகரிக்கப்பட்டது' முத்திரையைக் குத்தினார்.

காகிதங்களை அடுக்கிக்கொண்டு கதவு வரை போனவள், திரும்பினாள்.

"அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிக்கோ, இங்க வெறும் மண்ணைத் தவிர என்ன இருக்குன்னு என்னை விரட்டினது யாரு, அப்பா?"

அவர் எட்டாவது விண்ணப்பத்தைப் பிரித்தார்.