கரையை வெட்டும் காலை

2008 நவம்பர், கிள்ளைக்குக் கிழக்கே. ஐந்தாம் நாளாக மழை விடவில்லை. காலனி வீடுகளுக்குள் முழங்காலுக்கு மேல் வெள்ளம் நிற்கிறது. அது வடிய உத்திராபதியின் வயல் ஒன்றே வழி. வயலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே உள்ள மண்கரையில் அவர் மண்வெட்டியோடு நிற்கிறார். சுனாமியில் உப்பேறிப்போன நிலம் இது. நான்கு வருடம் மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்த பிறகு, இப்போதுதான் நெல் பச்சை கட்டியிருக்கிறது. கரையை வெட்டினால் வெள்ளம் போய்விடும். கடல் ஏறும்போது உப்புநீர் திரும்பவும் உள்ளே வரும். வெட்ட வேண்டிய இடத்தில் அவர் மனைவி பட்டம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்.

“எழுந்திரு பட்டு. அங்க புள்ளைங்க கட்டில்மேல குந்தியிருக்குதுங்க.”

“தெரியும். நம்ம கரைதான் கெடைச்சுதா?”

காலனியிலிருந்து ஒரு கைக்குழந்தையின் அழுகை தண்ணீர்மேல் தெளிவாக வருகிறது. பட்டம்மாள் எழுகிறாள். கணவரின் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை வாங்கிக்கொள்கிறாள்.

“நீங்க வெட்டுனா பாதியிலயே கை நின்னுடும்.”

முதல் வெட்டு விழுகிறது. விரல் பருமனில் ஒழுகும் தண்ணீர், கரையைத் தானே அரித்து அகலமாகிறது. வயல் நெல் முழுவதும் ஒரே பக்கமாக, கடலை நோக்கிச் சாய்கிறது.